கார்ட்டூன் படங்களின் பழைய இசைத்தட்டுகள்: படத்தின் குரல் இல்லாவிட்டால் மதிப்பில்லையா?

சுழல்தட்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பக்கத்து இழையில் ஒருவர், "படத்தின் அசல் ஒலிப்பதிவு இல்லாத டிஸ்னி தட்டெல்லாம் குப்பை, காசைக் கொடுக்காதீர்கள்" என்று எழுதியிருந்தார். நிறையப் பேர் அதற்கு ஆமாம் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே பதில் எழுதினால் பேச்சு திசை மாறிவிடும் என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் கார்ட்டூன் படம் 1937 டிசம்பரில் வெளியானது. அடுத்த மாதமே ஆர்சிஏ விக்டர் கம்பெனி அதன் பாடல்களை மூன்று 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய வகை) கொண்ட ஆல்பமாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு முழுநீளப் படத்தின் ஒலிப்பதிவிலிருந்தே எடுத்து விற்ற முதல் ஆல்பம் அதுதான். அதற்கு முன்பு படப்பாட்டு என்றால், யாராவது ஒரு பிரபலப் பாடகர் ஏதாவது ஒரு இசைக்குழுவோடு சேர்ந்து தனியாகப் பாடிப் பதிவு செய்ததுதான் கடைக்கு வரும். ஸ்னோ ஒயிட்டுக்குக் குரல் கொடுத்த அட்ரியானா காசலோட்டியின் அதே குரல் வீட்டுக்குள் கேட்டது அந்தக் காலத்துக்குப் புதுசு. அதனால் அசல் ஒலிப்பதிவின் மீது சேகரிப்பாளர்களுக்கு இருக்கும் மரியாதை எனக்குப் புரிகிறது. அந்த ஆல்பத்தை நானும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று தட்டு என்றால் ஆறு பக்கம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். 83 நிமிடப் படத்தில் இருபது நிமிடம் போல்தான் வீட்டுக்கு வந்தது. மிச்சம்? தியேட்டரில் மறுபடி ஓட்டும்வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்னோ ஒயிட் மறுவெளியீடுகள் 1944, 1952, 1958, 1967, 1975 என்று போகின்றன. வீட்டு வீடியோவாக வந்ததோ 1994-ல். அதாவது ஒரு குழந்தை ஆறு வயதில் படத்தைப் பார்த்தால், அடுத்து பார்க்கும்போது மீசை முளைக்கிற வயது. நடுவில் அந்தக் கதை அவன் கையில் இருந்தது தட்டாகத்தான்.

அப்படியிருக்க, படத்தை வெட்டிச் சுருக்கினால் போதாது, காதால் மட்டுமே கேட்கிறவனுக்காகக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் நினைத்து உழைத்தார்கள். என் கட்சி இதுதான்: அந்த உழைப்பில் வந்த தட்டுகள் படத்தின் நிழல் இல்லை, தனிப் படைப்பு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஊசிமுனை எழுதியது:

அந்தப் பக்கத்து இழையில் ஆமாம் போட்டவர்களில் நானும் ஒருவன். காரணத்தைச் சொல்கிறேன்.

1950களில் அமெரிக்காவில் மலிவு விலைக் குழந்தைத் தட்டுகள் ஏகப்பட்டவை வந்தன. பீட்டர் பான் ரெக்கார்ட்ஸ், கிரிக்கெட் ரெக்கார்ட்ஸ் என்று. ஒரு படப்பாட்டு பிரபலமானால் உடனே யாரையோ வைத்துப் பாடி, படத்தை ஞாபகப்படுத்தும் ஓவியம் ஒன்றை உறையில் போட்டு விற்பார்கள். பல உறைகளில் பாடியவர் பெயர்கூட இருக்காது. லிட்டில் கோல்டன் ரெக்கார்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அங்குலத் தட்டு, 78 வேகம். ஒரு பக்கத்தில் ஒன்றரை நிமிடம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்குள் பாட்டை அமுக்கித் திணிக்க வேண்டும். சரணம் போய்விடும், முன்னிசை போய்விடும்.

சுழல்தட்டு சார் சொல்லும் "புதிதாகக் கதை சொல்லும் கலை" இந்த மாதிரித் தட்டில் எங்கே இருக்கிறது? ஒரு படத்தின் குரல்கள் வரலாற்று ஆவணம். மற்றதெல்லாம் கடைச் சரக்கு.

மஞ்சள்ரெக்கார்டு எழுதியது:

ஊசிமுனை சார், கோல்டன் ரெக்கார்ட்ஸைக் கடைச் சரக்கு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் சும்மா இருக்க மாட்டேன்.

1948-ல் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் அதைத் தொடங்கியபோது விலை 25 சென்ட். அதே காலத்தில் குழந்தைகளின் அரக்குத் தட்டு ஆல்பம் ஒன்று அதைப் போலப் பல மடங்கு விலை, கீழே விழுந்தால் சுக்குநூறு. கோல்டன் தட்டு பளிச்சென்ற மஞ்சள் பிளாஸ்டிக். குழந்தை தூக்கிப் போட்டாலும் உடையாது. ஆர்தர் ஷிம்கின் தயாரிப்பாளர், இசைப் பொறுப்பு மிட்ச் மில்லர். மில்லர் ஓபோ என்ற ஊதுகுழல் வாசிப்பதில் பெரிய வித்வான். அவர் கையில் அந்த ஒன்றரை நிமிடத்தில் வாத்தியங்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று ஒருமுறை நல்ல ஊசியில் கேளுங்கள். முன்னிசை இல்லைதான், ஆனால் முதல் நொடியிலேயே பாட்டு குழந்தையின் கையைப் பிடித்துவிடும். நீளம் குறைவு என்பதால் கவனம் குறைவு என்று ஆகிவிடாது.

அப்புறம் விலை விஷயம். 25 சென்ட் என்பதால்தான் சாதாரண வீட்டுக் குழந்தைக்கும் சொந்தமாக ஒரு தட்டு கிடைத்தது. அப்பாவின் அலமாரியைத் தொடாமல், தானே எடுத்துத் தானே போட்டுக் கேட்க முடிந்தது. இது சின்ன விஷயம் இல்லை.

மஞ்சள் நிறம் என்றதும் இன்னொன்று. ஆர்சிஏ விக்டர் 1949-ல் நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் தட்டுகளை அறிமுகப்படுத்தியபோது வகைக்கு ஒரு நிறம் வைத்தார்கள். கிளாசிக்கல் இசைக்குச் சிவப்பு, கன்ட்ரி பாட்டுக்குப் பச்சை, குழந்தைகளுக்கு மஞ்சள். லிட்டில் நிப்பர் என்ற அந்தக் குழந்தைகள் வரிசையின் மஞ்சள் தட்டு ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு அழகு.

அரக்குப்பெட்டி எழுதியது:

அரக்குத் தட்டு என்று பேச்சு வந்ததால் நான் உள்ளே வருகிறேன். நம் ஊர் ஆட்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை. ஸ்னோ ஒயிட், பினோக்கியோ, டம்போ ஆல்பங்களின் தட்டுகள் எல்லாம் அரக்கைப் பசையாக வைத்துச் செய்தவை. கல்தூளும் கரியும் கலந்து, அரக்கைக் கொண்டு இறுக்கியது. அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. சோட்டா நாக்பூர் பக்கத்துக் காடுகளில் பலாச மரத்திலும் குசும மரத்திலும் அரக்குப் பூச்சி கட்டும் கூடுதான் கல்கத்தா வழியாகக் கப்பலேறியது.

போர் வந்ததும் கப்பல் வழி சிக்கலானது. அரக்கு குண்டுகளுக்கும் மின்சாதனங்களுக்கும் தேவைப்பட்டது. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டு கம்பெனிகள் பயன்படுத்தும் அரக்கை 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதியது என்று கடைகளில் கேட்கும் நிலை வந்தது. குழந்தைகள் கேட்டுத் தேய்த்த தட்டுகள் எத்தனை அப்படி அரைபட்டுப் போயிருக்கும்! 1938, 1940 ஆல்பங்கள் இன்று முழு செட்டாக, உடையாமல் கிடைத்தால் ஏன் ஆச்சரியப்படுகிறோம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் தட்டுப் பதிவுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. டிஸ்னியின் பாம்பி படம் வெளியானது அதே மாதம். அரக்கும் இல்லை, வாசிக்க ஆளும் இல்லை. ஆர்சிஏ விக்டரின் பாம்பி கதை ஆல்பம் 1949-ல்தான் வந்தது. கதை சொன்னது நடிகை ஷெர்லி டெம்பிள். அவர் படத்தில் குரல் கொடுத்தவர் இல்லை. ஊசிமுனை சாரின் அளவுகோலை வைத்தால் அந்த ஆல்பத்தைத் தூக்கி எறிய வேண்டும். கேட்டுப் பார்த்தவர்கள் எறிய மாட்டார்கள்.

சுழல்தட்டு எழுதியது:

அரக்குப்பெட்டி அண்ணா, அருமை. பாம்பி பற்றிச் சொன்னது என் வாதத்துக்கு நல்ல பலம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1956-க்குப் பிறகு நடந்தது. அதுவரை டிஸ்னி தன் படங்களின் தட்டு உரிமையை ஆர்சிஏ, கேபிடல், டெக்கா, கோல்டன் என்று மற்றவர்களுக்குத்தான் கொடுத்து வந்தது. சொல்லப்போனால் ஸ்னோ ஒயிட், பினோக்கியோ, டம்போ பாடல்களின் பதிப்புரிமைகூட வேறு இசைப் பதிப்பகத்திடம் போய்விட்டது. சொந்தமாக இசைப் பதிப்பு நிறுவனம் தொடங்கியது 1949-ல், சிண்ட்ரெல்லா பாடல்கள் அதன் முதல் பெரிய வெளியீடு. தட்டு கம்பெனி 1956-ல், டிஸ்னிலேண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில். நிர்வாகம் ஜிம்மி ஜான்சன், இசை டுட்டி கமராட்டா.

பழைய ஒலிப்பதிவைத் தட்டில் மறுபடி பயன்படுத்தினால் வாசித்த கலைஞர்களுக்குத் தனியாகப் பணம் தர வேண்டும். புதிய கம்பெனிக்கு அது கனமான செலவு. ஆகவே பல கதைகளைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். காரணம் பணமாக இருக்கலாம், ஆனால் வந்த இசையைக் கேளுங்கள்.

1957-ல் வந்த ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட் எல்பிதான் (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு) என் முதல் சாட்சி. படம் 1951-ல் வந்தது. நிறையப் பாட்டுகள், பல பாட்டுகள் சில நொடிகளில் முடிந்துவிடும். அப்போது ஆர்சிஏ ஒரு ஆல்பம் போட்டது. கேத்ரின் போமான்ட், எட் வின், ஸ்டெர்லிங் ஹாலோவே என்று படத்தின் ஆட்களே பேசினார்கள், ஆனால் அதுவும் தட்டுக்கென்று சுருக்கி எழுதிய கதைதான். படத்தின் அசல் ஒலிப்பதிவு ஆல்பமாக வரப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. நடுவில் கமராட்டா என்ன செய்தார்? மிக்கி மவுஸ் கிளப் என்ற டிவி நிகழ்ச்சியில் பாடிக்கொண்டிருந்த டார்லின் கில்லெஸ்பி என்ற பதின்வயதுப் பெண்ணை நிறுத்தி, அந்தப் பாட்டுகளை முழுப் பாட்டாகப் பாட வைத்தார். ஆர்கெஸ்ட்ரா அத்தனை மென்மை. படத்தில் ஓடி மறையும் மெட்டுகள் இங்கே நின்று பேசுகின்றன. இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவே வராது.

இரண்டாவது சாட்சி இன்னும் வலுவானது. ஜங்கிள் புக் படம் 1967. அதன் கதை எல்பியில் பகீரா கதை சொல்கிறது. படத்தில் பகீராவுக்குக் குரல் செபாஸ்டியன் கேபட், தட்டில் டால் மெக்கன்னன். சரி, அது இருக்கட்டும். படம் வந்து கொஞ்ச நாளிலேயே, 1960களின் இறுதியில், 'மோர் ஜங்கிள் புக்' என்று ஒரு எல்பி வந்தது. மௌக்லி இல்லாமல் பலூவுக்கு மனசு ஆறவில்லை, அவனைத் திரும்ப அழைத்து வரக் கிளம்புகிறார்கள் என்று தொடரும் கதை. பில் ஹாரிஸ், லூயி பிரைமா இருவரும் அதே பலூவாக, அதே கிங் லூயியாகப் பாடினார்கள். டிஸ்னி அந்தப் படத்துக்குத் தியேட்டர் தொடர்ச்சி எடுத்தது 2003-ல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே ஒரு தொடர்ச்சி தட்டில் மட்டும் இருந்தது. அதற்கு எந்தப் படத்தின் ஒலிப்பதிவை அசல் என்று தேடுவீர்கள்? தட்டுதான் அசல்.

நூலகவாசகி எழுதியது:

எல்லோரும் பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். புத்தகத்தை விட்டுவிட்டீர்களே!

நான் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கும் வேலையில் இருப்பவள். எனக்கு இந்தத் தட்டுகளில் பெரிய விஷயம் கூடவே வரும் படக்கதைதான். இதை டிஸ்னி கண்டுபிடிக்கவில்லை. 1946-ல் கேபிடல் ரெக்கார்ட்ஸில் ஆலன் லிவிங்ஸ்டன் என்பவர் போஸோ கோமாளியை உருவாக்கித் தட்டோடு புத்தகமும் சேர்த்துக் கொடுத்தார். கோமாளி விசில் ஊதினால் பக்கத்தைத் திருப்ப வேண்டும். எழுத்து தெரியாத குழந்தைகூடச் சரியான பக்கத்தில் இருக்கும்.

டிஸ்னிலேண்ட் ரெக்கார்ட்ஸ் இதை இரண்டு வகையாக எடுத்துக்கொண்டது. ஒன்று பெரிய எல்பி, உறையைத் திறந்தால் உள்ளேயே படப்புத்தகம் தைத்திருக்கும். அந்தப் பக்கங்களின் ஓவியங்களைப் பெரிய அளவில் பார்ப்பதே தனிச் சுகம். இன்னொன்று 1965-ல் தொடங்கிய ஏழு அங்குலத் தட்டு, 33⅓ வேகம், 24 பக்கப் புத்தகத்தோடு. மணிச் சத்தம் கேட்டால் பக்கம் திருப்பு. புத்தகத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே கதைசொல்லி வார்த்தை மாறாமல் வாசிப்பார். குழந்தையின் விரல் எழுத்தின் மேல் போகும், காது சொல்லைப் பிடிக்கும். அமெரிக்காவில் எத்தனையோ பிள்ளைகள் இப்படித்தான் தாமாக வாசிக்கப் பழகினார்கள்.

தொடக்க காலத் தட்டுகளில் வாசித்தவர் ராபி லெஸ்டர். அவசரமே இல்லாத குரல். குழந்தையிடம் குழைவது கிடையாது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். அரிஸ்டோகேட்ஸ் படத்தில் டச்சஸ் பூனை பாடும் இடங்களில் வருவதும் அவர் குரல்தான், பேசுவது இவா காபோர். ஆக ஊசிமுனை சார், உங்கள் அசல் படத்திலேயே பேச்சு ஒருவர், பாட்டு ஒருவர்!

இன்னொன்று கவனியுங்கள். படத்தில் வசனமே இல்லாமல் உருவத்தால் மட்டும் நகரும் காட்சிகள் ஏராளம். அசல் ஒலிப்பதிவை அப்படியே ஓட்டினால் அங்கே வெறும் இசைதான் கேட்கும், குழந்தைக்கு ஒன்றும் பிடிபடாது. அந்த இடத்தில் ஒரு கதைசொல்லி வந்து மூன்றே வாக்கியத்தில் காட்டையும் மழையையும் பயத்தையும் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். எழுதியவர்களுக்கு அது சுலபமான வேலையாக இருந்திருக்காது.

பழையஉறை எழுதியது:

நம் பக்கத்திலும் படங்களின் கதை வசனத்தை எல்பியில் கேட்டு வளர்ந்த தலைமுறை உண்டு. அதனால் இந்த இழை மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் நம் தட்டுகள் படத்தின் ஒலியையே வெட்டி ஒட்டியவை. நூலகவாசகி அக்கா சொல்வது வேறு, காதுக்கென்றே எழுதியது. அந்த வித்தியாசம் இப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

சோவியத் பக்கமும் யாராவது எழுதுங்கள். 1969-ல் வந்த பிரெமென் இசைவாணர்கள் கார்ட்டூன், கெனடி கிளாட்கோவ் இசை. பெரும்பாலான பாத்திரங்களுக்கு ஒலெக் அனோஃப்ரியெவ் என்ற ஒரே மனிதர் குரல் மாற்றி மாற்றிப் பாடியிருக்கிறார். சோவியத் தட்டு கம்பெனியான மெலோடியாவின் தட்டில் கேட்கும்போது ஒரே ஆள் என்று நம்பவே முடியாது.

ஊசிமுனை எழுதியது:

நல்ல விவாதம். ஆலிஸ் எல்பியை நேற்று இரவு கேட்டேன். சுழல்தட்டு சார் சொன்னதில் மிகை இல்லை. கமராட்டாவின் ஆர்கெஸ்ட்ராவைக் கடைச் சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது. அவர் ஹாலிவுட்டில் தொடங்கிய சன்செட் சவுண்ட் ஸ்டூடியோவில்தான் 1966-ல் தி டோர்ஸ் ராக் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். குழந்தைத் தட்டுகளுக்காக இயங்கிய இடத்தின் தரம் அப்படி.

இருந்தாலும் ஒரு கோரிக்கையை விடமாட்டேன். எது எது என்று தெளிவாகப் பிரித்து எழுத வேண்டும். அசல் ஒலிப்பதிவு, படத்தின் ஆட்கள் தனியாகப் பதிவு செய்தது, வேறு ஆட்கள் பாடியது. மூன்றும் வெவ்வேறு. விற்பவர்கள் மூன்றையும் கலந்து "ஒரிஜினல்" என்று போடுகிறார்கள். உறையில் படத்தின் பாடல்கள் என்று மட்டும் இருந்தால் அது ஒலிப்பதிவு என்று அர்த்தமில்லை. பின்னட்டையில் பாடியவர் பெயரைத் தேடுங்கள்.

இது வெறும் சேகரிப்பாளர் பிடிவாதம் இல்லை, குரலுக்கு உரியவரின் நியாயமும் இதில் இருக்கிறது. டிஸ்னியின் லேடி அண்ட் தி டிராம்ப் படத்துக்குப் பாடகி பெக்கி லீ பாட்டெழுதிப் பாடி, சில பாத்திரங்களுக்குக் குரலும் கொடுத்தார். 1955-ல் டெக்கா ஆல்பமும் வந்தது. 1952-ல் போட்ட ஒப்பந்தத்தில், தன் குரல் பதிந்த பிரதிகளைப் பொதுமக்களுக்கு விற்பதானால் தன் அனுமதி வேண்டும் என்ற வரி இருந்தது. படம் வீடியோ கேசட்டாக வந்தபோது அந்த ஒரு வரியை வைத்து 1988-ல் வழக்குப் போட்டார். 1991-ல் 23 லட்சம் டாலர் அவருக்குத் தீர்ப்பானது. குரல் யாருடையது என்பதை அச்சிட்டு வைப்பது அவ்வளவு முக்கியம்.

மஞ்சள்ரெக்கார்டு எழுதியது:

பிரித்து எழுதுவதில் எனக்கு முழுச் சம்மதம். மூன்றுக்கும் மரியாதை கொடுத்துப் பிரிப்போம்.

புதுஊசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இதற்குப் புதியவன். இணையத்தில் ஒருவரிடம் டிஸ்னிலேண்ட் கதை எல்பி ஒன்றும் ஆறு அங்குல கோல்டன் தட்டுகள் சிலவும் வாங்கினேன். எல்பி வந்து பார்த்தால் நடுவில் இருக்க வேண்டிய புத்தகத்தையே காணோம், தையல் கம்பி மட்டும் இருக்கிறது. விற்றவர் படத்தில் அதைக் காட்டவில்லை. கோல்டன் தட்டை என் ஆட்டோமேட்டிக் டர்ன்டேபிளில் போட்டால் கை தட்டுக்கு வெளியே இறங்குகிறது. என்ன செய்வது?

அரக்குப்பெட்டி எழுதியது:

வாங்க தம்பி. இனி வாங்கும் முன் உறையைத் திறந்து வைத்த படத்தையும், புத்தகத்தின் நடுப்பக்கத்தையும் கட்டாயம் கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். புத்தகம் போனாலும் தட்டைக் கழிக்க வேண்டாம். அதே வெளியீட்டில் தட்டு கீறி, புத்தகம் நன்றாக இருக்கும் பிரதிகள் மலிவாகக் கிடைக்கும், இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கோல்டன் தட்டுக்கு: தானியங்கிக் கருவிகள் 7, 10, 12 அங்குலத்துக்குத்தான் தெரிந்துவைத்திருக்கும், ஆறு அங்குலம் அதற்குப் புரியாது. கையால் இறக்குகிற டர்ன்டேபிள் வேண்டும், அதில் 78 வேகமும் இருக்க வேண்டும். ஊசியையும் மாற்றுங்கள். 78 தட்டின் பள்ளம் அகலம், அதற்கு 3 மில் ஊசி (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது ஏறக்குறைய 75 மைக்ரான். எல்பி ஊசி ஒரு மில் அல்லது அதற்கும் கீழே. எல்பி ஊசியை 78-ல் வைத்தால் பள்ளத்தின் அடியில் இருக்கும் தூசியில் உரசிக்கொண்டு போகும், வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

கழுவும்போது ஆல்கஹால் கலந்த திரவம் வேண்டவே வேண்டாம். அரக்குத் தட்டு என்றால் அதில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ் போதும், நடு லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் பழைய பிளேயர்களில் ஊசி கனமாக இருக்கும், அதனால் பள்ளத்தின் சுவர் ஏற்கனவே தேய்ந்திருக்கலாம். கழுவியும் பாட்டு உடைந்தே கேட்டால் அது அழுக்கு இல்லை, தேய்மானம்.

சுழல்தட்டு எழுதியது:

புதுஊசி தம்பி, உங்கள் எல்பியின் பெயரையும் லேபிளில் இருக்கும் எண்ணையும் போடுங்கள். என்னிடம் தட்டு தேய்ந்த கதை எல்பிகள் சில இருக்கின்றன, புத்தகம் நன்றாக இருக்கிறது. ஒத்துப்போனால் தபாலில் அனுப்பிவைக்கிறேன். ஊசிமுனை சார் சொன்ன மூன்று பிரிவையும் வைத்து ஒரு பட்டியல் தொடங்கலாம். ஆலிஸிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஆர்சிஏ ஆல்பத்தின் பின்னட்டைப் படம் வைத்திருப்பவர்கள் இங்கேயே போடுங்கள்.